காலாணியும் காய்ப்பும்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

மனித சரீரத்தில் ஆராய்ச்சியாளர்களின் கடைக்கண் படாத ஸ்தானம் உள்ளங்கால் ஒன்றே. அடியைப் பாடிய நம் முன்னோர் பெரும்பாலும் ஆண்டவனின் அடியையே பாடினார்களாதலாலும், ஆண்டவனுக்குக் காலாணி வந்ததாக நான் கேட்ட எந்தப் புராணப் பிரசங்கத்திலும் சொல்லப்படாமையாலும், இத்துறை இன்றளவும் தரிசாகக் கிடக்கிறது. அக்குறையை நீக்கவேண்டும் என்று அன்பர்கள் பலர் வற்புறுத்தியதாக எழுதுவது முன்னுரை மரபு. என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. என் சுண்டுவிரல்தான் வற்புறுத்திற்று.

முதற்கண் இலக்கணம். ஓரிடத்தில் அழுத்தமும் உராய்வும் ஓயாது படுமிடத்து, தோலானது தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மேலடுக்கைத் தடிக்கச் செய்வது காய்ப்பு. அது பரந்தது, விளிம்பு தெளியாதது, பெரும்பாலும் நோகாதது. அவ்வழுத்தம் எலும்பு முண்டிய ஒரு புள்ளியிலே குவியுமாயின், தடித்த தோல் கூம்பு வடிவாகி, கூர்முனை உள்நோக்கி நிற்க, அடியெடுத்து வைக்குந்தோறும் உயிர் போவதுபோல் குத்துவது ஆணி. இது வன்மை, மென்மை என இருதிறப்படும். வல்லாணி விரல் முட்டியின்மேல் இறுகி நிற்பது. மெல்லாணி நான்காம் ஐந்தாம் விரல்களின் இடுக்கில் வியர்வையில் ஊறி வெளுத்துக் கிடப்பது. பித்தவெடிப்பு வேறு அதிகாரம்.

மருவை ஆணி என்று மயங்குவாரும் உளர். மருவிருக்கும் இடத்தில் தோலின் ரேகைகள் ஒதுங்கிப் போகும். காய்ப்பின்மீது ஊடறுத்துச் செல்லும். மருவைப் பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும். ஆணியை நேரே அழுத்தினால் வலிக்கும். யாரும் தம் காலைப் பார்த்தே தெளியத்தக்க விஷயமாதலால் இதைக் குறித்துப் பண்டிதர்களிடையே விவாதம் எழவில்லை.

விவாதமெல்லாம் தோற்றத்தைப் பற்றியதே. முள் தைத்து உள்ளே முறிந்து தங்கியதால் ஆணி உண்டாயிற்று என்பர் முள்வாதிகள். இதற்கு அவர்கள் காட்டும் பிரமாணம் என் பாட்டியின் வாய்மொழி (திண்ணைப் படலம், முறத்தில் அரிசி புடைக்கையில் அருளியது, தவிடு பறந்தமையால் ஈற்றடி கேட்கவில்லை). செருப்பே காரணம் என்பர் செருப்புவாதிகள். இவர்கள் கொள்ளும் ஆதாரம் எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரின் சூத்திரம் (ஊசியை வாயில் கவ்வியபடி உபதேசித்தது, குளிர்காலப் பாடம் ஒன்று, மழைக்காலப் பாடம் ஒன்று, இரண்டிற்கும் இடையே ஓர் இருமல் உண்டு, அதனைப் பாடபேதமாகக் கொள்வாரும் இடைச்செருகலாகக் கொள்வாரும் உளர்). முள்வாதி ஒருவர் சவரப் பிளேடால் தம் ஆணியைச் செதுக்கி, நடுவே கண்ட கெட்டியான கருவையே முள் என்று பிரகடனம் செய்தார். செருப்பை மாற்றாமையால் சில வாரங்களில் அதே இடத்தில் ஆணி மீண்டும் எழ, முள் முளைத்துவிட்டது என்று இரண்டாம் பதிப்பில் திருத்திக்கொண்டார். ஆணிக்கு வேருமில்லை, வித்துமில்லை; மேலிருந்து உள்ளே அழுத்தப்படுவதன்றி உள்ளிருந்து மேலே வளர்வதன்று. ஆயினும் அவர் மூன்றாம் பதிப்புக்கு அச்சகத்தில் முன்பணம் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

இனி, இதுவரை எவரும் தொடாத சப்பணக் காய்ப்புக்கு வருவோம். தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் உட்காருவோருக்கு வெளிக் கணுக்கால் எலும்பின்மேல் தோல் கறுத்து, தடித்து, ஆமையோடுபோல் ஆகிவிடும். இஃது உட்கார்ந்ததற்குச் சான்று. உள்ளங்காலின் காய்ப்போ நடந்ததற்குச் சான்று. ஆகவே ஒரு புலவரின் கணுக்காலையும் உள்ளங்காலையும் ஒருங்கே நோக்கின், அவர் நூலை உட்கார்ந்து எழுதினாரா, அலைந்து எழுதினாரா என்பதை நூலைப் படிக்கும் துன்பமின்றியே அறியலாம். சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையரின் பாதங்களைப் பரிசோதிக்கும் பாக்கியம் இத்துறைக்குக் கிட்டாமற்போனது பேரிழப்பு. பழைய பெருவழிகளைப் பற்றித் தலையணை பருமனில் நூல் வெளியிட்ட ஒரு பேராசிரியரின் பாதங்களை, அவர் மேடையேறச் செருப்பைக் கழற்றியபோது நான் கூர்ந்து நோக்கினேன். பச்சைக் குழந்தையின் பாதம்போல் இருந்தன. கணுக்கால் மட்டும் கன்னங்கரேலென்றிருந்தது. அற்றேல், நாற்காலியில் அமர்ந்தே எழுதுவோர்க்கு இவ்விதி செல்லாதே எனின், அவர்க்குக் காய்ப்பு வேறிடத்ததாகலின் அது நாகரிகம் கருதி ஈண்டு விரிக்கப்படவில்லை.

எஞ்சியது சிகிச்சை. அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவதும், மருதாணியும் மஞ்சளும் அரைத்துக் கட்டுவதும் நாட்டு வழக்கு. மருந்துக்கடையில் தரும் ஆணிப் பட்டையில் சாலிசிலிக் அமிலம் 40 சதவீதம் வரை இருக்கும். தடித்த தோலைக் கரைக்கும், சுற்றியுள்ள நல்ல தோலையும் விட்டுவைக்காது. வெந்நீரில் காலை ஊறவைத்து நுரைக்கல்லால் மெல்லத் தேய்ப்பது எளிய முறை. நீரிழிவு உள்ளவர்கள் பிளேடையும் பட்டையையும் தொடவே வேண்டாம். காலில் உணர்ச்சி குன்றியிருப்பின் புண்ணானதே தெரியாது, ஆகவே மருத்துவரிடம் காட்டுவதே முறை. எந்த வைத்தியம் செய்தாலும், இறுக்கிய செருப்பு அப்படியே இருக்குமாயின் ஆணியும் அப்படியே திரும்பி வரும். மாலையில் பாதம் சற்றே வீங்கியிருக்குமாதலால் புதுச்செருப்பை அப்போது போட்டுப் பார்த்து வாங்குக. ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.