அனுமதிக்கப்பட்ட தண்ணீர்

அனுப்புநர்: சென்னையின் தெற்குப் புறநகரில் குடிநீர் வரியைத் தவணை தவறாமல் கட்டிவரும் குடித்தனக்காரர்.

பெறுநர்: எங்கள் பகுதிக்குக் குழாய்நீர் வழங்கும் அலுவலகத்தின் பொறியாளர் அவர்கள்.

பொருள்: குழாய்நீரின் கடினத்தன்மை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: என் மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய ஒரு வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 580 மில்லிகிராம் என்றும், அது அனுமதிக்கப்பட்ட அளவான 600-க்குள்தான் இருக்கிறது என்றும் தெரிவித்திருந்தீர்கள். 600-ஐத் தொட இன்னும் 20 பாக்கி இருப்பதறிந்து வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் எழுந்ததும் ஆர்வக்கோளாறில் அந்த விதியைத் தேடிப் படித்துவிட்டேன். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் கடினத்தன்மைக்கு நேரே இரண்டு எண்கள். ஏற்கத்தக்க அளவு 200. அடுத்த கட்டத்தில் 600. இந்த இரண்டாவது கட்டத்தின் தலையில், ‘மாற்று நீராதாரம் இல்லாத நிலையில்’ என்று ஒரு நிபந்தனையும் இருக்கிறது. தங்கள் கடிதத்தில் இடம் போதாமல் அது விடுபட்டிருக்கும்.

ஐயா, மாற்று இல்லை என்றா சொல்கிறீர்கள்? குடிக்க இருபது லிட்டர் கேன். கோடையில் லாரி. சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. மொட்டை மாடியில் ஆளுயர சாஃப்ட்னர். எங்கள் தெருவில் மாற்று இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். எல்லாம் எங்கள் காசு என்பது வேறு விஷயம். விதியில் யார் காசு என்ற கேள்வி கிடையாது. போன வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அங்கேயும் வராந்தாவில் கேன் கவிழ்த்து வைத்திருந்ததைக் கண்ணாரக் கண்டேன். ஆக, மாற்று உங்களிடமும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது. பிறகு எந்தக் கணக்கில் எங்களை 600-இல் சேர்த்தீர்கள்?

தண்ணீரின் அருமைகளையும் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாகிவிடுவேன். குழாய்த் தண்ணீரில் பருப்பை வைத்தால் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் கல்லாகவே கிடக்கிறது. தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் சதையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதாம். ‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று முதலில் சொன்னவர் எங்கள் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும். கீசர் சுருளின் மேல் வெள்ளை ஓடு கட்டி, மின்சாரம் முதலில் அந்த ஓட்டைத்தான் சூடாக்குகிறது. ஷவரில் திறந்திருக்கும் துளைகளை நம்பித்தான் குளியல். சோப்பு நுரைப்பதற்குப் பதில் திரிந்து, வாளி ஓரத்தில் ஆடையாகப் படிகிறது.

இந்தத் தண்ணீரால் பிழைக்கிறவர்களும் உண்டு. ஆர்.ஓ. விற்க வரும் தம்பி இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறும். அவர் தண்ணீர் பளிங்காக நிற்கும். வீட்டுப் பெரியவர்கள் வாயில் துண்டை வைத்துக்கொள்வார்கள். உண்மையில் கரைந்து நிறம் மாற்றுவது அவர் விட்ட இரும்புக் கம்பி. உப்பு இருக்கிற தண்ணீரில்தான் மின்சாரம் ஓடும், அவ்வளவுதான் சங்கதி. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எங்களைத் தேடிவந்து சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

சாஃப்ட்னர் கதை இன்னும் விசேஷம். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் அதன் ரெசினைக் கழுவ அடிக்கடி உப்பு மூட்டை வாங்கிக் கொட்டுகிறோம். கழுவிய உப்புநீர் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகிறது. ஆர்.ஓ. தன் பங்குக்கு, ஒரு குடம் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று குடங்களைக் கழித்துக் கொட்டுகிறது. அதுவும் மண்ணுக்குள்தான். வருகிற வருஷம் இதே மண்ணிலிருந்து ஆழ்குழாய் போட்டு உறிஞ்சி, எங்களுக்கே நீங்கள் அனுப்பி வைப்பீர்கள்.

பாறை அப்படி, நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். இங்கே கீழே கிடப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தங்கும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரையத்தான் செய்யும். கடினத்தன்மை விஷமும் இல்லை; உலக சுகாதார நிறுவனமே அதற்கு உடல்நலத்தை வைத்து வரம்பு எதுவும் விதிக்கவில்லை. ஆனால் கோடை வந்ததும் மேல்நிலைத் தொட்டியில் ஆற்றுத் தண்ணீரோடு ஆழ்குழாய்த் தண்ணீரைக் கலப்பது பாறை இல்லையே, ஐயா. எந்த மாதம் எவ்வளவு கலந்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் பாறையாகிவிடுகிறது.

பாறைதான் தடையென்றால் கடல் இருக்கிறது. நெம்மேலிக் கடற்கரையில் 2013 முதல் கடல்நீரையே குடிநீராக்குகிறார்கள். 2024-இல் அங்கே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இன்னோர் ஆலையும் வந்துவிட்டது. உப்பு நீக்கிய நீர் குழாயை அரித்துவிடும் என்பதால், இத்தகைய ஆலைகளில் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் வெளியே விடுவார்கள். சுண்ணாம்புக்குத் தட்டுப்பாடு வந்தால் சொல்லியனுப்புங்கள். எங்கள் கீசர்களைச் சுரண்டினாலே ஒரு லோடு தேறும்.

கோரிக்கை பெரிதில்லை. மின்கட்டணக் கணக்கில் யூனிட் போடுவதுபோல, குடிநீர்க் கட்டண ரசீதில் அந்தந்த மாதத்துக் கடினத்தன்மையை ஒரு வரியில் அச்சிடுங்கள். ஆற்று நீர் எவ்வளவு, ஆழ்குழாய் நீர் எவ்வளவு என்பது அடுத்த வரி. 600 என்ற கட்டத்தில்தான் எங்களை வைப்பதென்றால், அதன் நிபந்தனையையும் முழுதாகப் போட்டு, மாற்று நீராதாரம் வந்துசேரும் தேதி என்று ஓர் இடம் விட்டுவையுங்கள். தேதியை எழுதி அலுவலக முத்திரை குத்தினால் போதும்.

இப்படிக்கு,
அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வசிக்கும்
தங்கள் உண்மையுள்ள குடித்தனக்காரர்.

இணைப்பு: குடிநீர் வரி ரசீதின் நகல் – 1, கீசரில் சுரண்டியது – ஒரு பொட்டலம், வேகாத துவரம்பருப்பு – ஒரு கைப்பிடி (தங்கள் வராந்தா கேன் தண்ணீரில் வேகிறதா என்று பார்த்துச் சொல்லவும்).