ஏழு வினாடி எனக்கு, ஊர்க்கணக்கு ஊருக்கெல்லாம்

அனுப்புநர்:
பசியாவரம் வாக்காளன் ஒருவன்,
பழவேற்காடு ஏரி, பொன்னேரி (தனி) தொகுதி.
(பெயர் ரகசியம். ஓட்டு அவ்வளவு ரகசியமில்லை, காரணம் கீழே.)

பெறுநர்:
இந்தியத் தேர்தல் ஆணையம்,
நிர்வாசன் சதன், புதுதில்லி.

பொருள்: திறக்க வேண்டியதை மூடியும் மூட வேண்டியதைத் திறந்தும் வைத்திருக்கும் திறமைக்குப் பாராட்டு, கூடவே சிறு விண்ணப்பம்.

ஐயா,

ஓட்டு இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு வருகிறது. யாருக்குப் போட்டேன் என்று ஏழு வினாடி காட்டிவிட்டு அறுந்து உள்ளே விழுகிறது. யாருக்குப் போட்டேன் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் உங்கள் கரிசனத்துக்கு நன்றி. அந்தச் சீட்டை யாராவது எண்ணுவார்களா என்றால், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் எண்ணுவார்களாம். எல்லாவற்றையும் எண்ணுங்கள் என்று கேட்டுப் போனவர்களை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பிவிட்டது.

அந்த ஐந்தை எப்படிப் பொறுக்குகிறீர்கள் என்று விசாரித்தேன். சாவடி எண்களைச் சீட்டில் எழுதி, ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்கி, வேட்பாளர்களின் ஆட்கள் கண்ணெதிரே எடுப்பீர்களாம். கேட்டதும் புல்லரித்தது. எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்ற ‘பாடு’ முறையும் குலுக்கல்தானே. (ஏரியை நம்பிப் பிழைக்கும் எல்லாருக்கும் பாடு முறையில் பங்கில்லை, சேற்றில் கையால் இறால் தடவும் இருளர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.) உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் இதே கதை. பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கினார்கள். ஒன்றுமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும். நிலமில்லாதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆனால் குலுக்கியதை எவரும் மறைக்கவில்லை. ஆக, இத்தனை கோடி ரூபாய் இயந்திரத்தை நம்புவதற்குக் கடைசியில் நீங்களும் குடத்திடம்தான் வந்து நிற்கிறீர்கள். சந்தோஷம்.

இப்போது என் பெயர் ஏன் ரகசியம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்குள் கிடக்கும் எங்களைப் போன்ற குப்பங்கள் சின்னவை. சில நூறு பேர் ஒரே சாவடியில் போட்டால், அந்தச் சாவடியின் கணக்குத்தான் ஊரின் கணக்கு. எண்ணி முடித்த பிறகு எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று படிவம் 20-இல் போட்டு உலகத்துக்கே காட்டுகிறீர்கள். முகத்துவாரம் தூர்ந்துவிட்டது, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கினால் கரை தாங்காது என்று நாங்கள் மனுவோடு போய் நிற்பதற்குள், அந்தத் தாள் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

2019 ஏப்ரலில் சுல்தான்பூரில் பாஜக வேட்பாளர் மேனகா காந்தி என்ன பேசினார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தன் கட்சிக்கு எண்பது சதவீதம் போட்ட ஊர் ஏ, அறுபது போட்ட ஊர் பி என்று தரம் பிரித்து, அந்த வரிசையில் வேலை செய்து தருவோம் என்றார். நீங்கள் கண்டித்தீர்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தது யார், ஐயா?

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல இயந்திரங்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டி, ஊரைக் காட்டாமல் மொத்தத்தை மட்டும் சொல்லும் டோட்டலைசர் வேண்டுமென்று 2008-லேயே கேட்டது நீங்கள்தான். 2015-இல் சட்ட ஆணையமும் 255-ஆவது அறிக்கையில் ஆமோதித்தது. மத்திய அரசுதான் வேண்டாம் என்றது. எங்கே ஓட்டுக் குறைந்தது என்று தெரிந்தால்தான் அங்கே போய் வேலை செய்ய முடியும் என்பது அவர்கள் வாதம். ஓட்டுப் போடாத ஊரைத் தேடி ஓடி வந்து பாலம் கட்டும் கட்சிக்காரர் எந்த மாவட்டத்தில் இருக்கிறார் என்று சொன்னால், எங்கள் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் மாலை போடுவேன். வாக்குச்சீட்டுக் காலத்திலாவது எல்லாப் பெட்டியையும் கலந்து எண்ணச் சொல்ல விதியில் இடமிருந்தது.

சாவடி வீடியோவுக்கு மட்டும் நல்ல கட்டுக்காவல். யாரும் கேட்டு வாங்க முடியாதபடி 2024 டிசம்பரில் விதியே மாறியது. முடிவு வந்து 45 நாளில் தேர்தல் வழக்கு வராவிட்டால் அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் உத்தரவும் போனது. கேட்டால், வாக்காளரின் அந்தரங்கம் என்றீர்கள். 2024-இல் நாங்கள் ஏப்ரல் 19 அன்று போட்டதை ஜூன் 4 வரை 46 நாள் எண்ணாமல் அறைக்குள் வைத்திருந்தீர்கள். காசிமேட்டு விசைப்படகுகள்கூட மீன்பிடித் தடைக்காலம் முடிய அப்படித்தான் கட்டிக் கிடந்தன. ஓட்டு காத்துக் கிடந்த நாளைவிட, வீடியோவின் ஆயுள் ஒரு நாள் குறைவு. நான் வரிசையில் நின்ற படம் அந்தரங்கமாம்; எங்கள் ஊர் யாருக்குப் போட்டது என்பது மட்டும் பொதுச்சொத்தாம்.

ஜெர்மனியில் 2009-இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஒன்று சொன்னது: தேர்தலின் முக்கியமான ஒவ்வொரு கட்டத்தையும், தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகனே சரிபார்க்க முடிய வேண்டும். அந்த நாட்டுக்காரர்களுக்குப் பொறுமை கம்மி. எங்களுக்கு நிறைய. அதனால் கேட்பது கொஞ்சம்தான். சீட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, உத்திரமேரூர்க்காரர் மாதிரி விரலை விரித்து, எல்லாரும் பார்க்க எண்ணுங்கள். எங்கள் படிவம் 20-ஐ அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி காட்டிவிட்டு உள்ளே விழவிடுங்கள். இரண்டுக்கும் இடம் மாற்றினால் போதும். புது இயந்திரம்கூட வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
மேற்படி வாக்காளன்.

இணைப்பு: ஏதுமில்லை. எங்கள் சாவடிக் கணக்கு தங்களிடமும், தங்களைக் கேட்டவர் எல்லாரிடமும் இருக்கிறது.