சுரங்கம் மூடிய வகையில் எனக்கு வரவேண்டிய பாக்கி

பெறுநர்: நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அவர்கள், நிலக்கரி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: சுரங்க மூடல் வைப்புத்தொகையில் 80 சதவீதம் விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

திருவள்ளூர் மாவட்டம் வேப்பம்பட்டில், ரயிலடிக்குப் பக்கத்து மனைப்பிரிவில் சொந்தமாக வீடு கட்டிக் குடியிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனாலும் ஒரு சுரங்கத்தை மூடும் பணியில் என் பங்கை முடித்துவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டும் கரி, ரயிலில் பாரதீப் போய், கப்பலேறி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, பெல்ட்டில் ஊர்ந்து வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு வருகிறது. நம் நாட்டுக் கரியை 100 டன் எரித்தால் 35, 40 டன் சாம்பல் மிஞ்சும். ஆக, குழி ஒடிசாவில். குழிக்குள் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்கள் மாவட்டத்தில். பெரும்பகுதி செப்பாக்கத்துச் சாம்பல் குளத்தில் கிடக்கிறது.

கொஞ்சம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஃபிளை ஆஷ் கல்லில்தான் கட்டினேன். லோடு இறக்கிய அன்று ஆட்களின் புருவமும் இமையும் ஒரே நரை. கொத்தனார் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மண்ணு இல்ல சார், கரன்ட்டு எரிஞ்ச மிச்சம்” என்றார். இதைவிடச் சுருக்கமான தொழில்நுட்ப அறிக்கை உங்கள் கோப்பில் இருக்காது.

2009இல் தங்கள் அமைச்சகம் ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. திறந்தவெளிச் சுரங்கம் என்றால் ஹெக்டேருக்கு 6 லட்சம் என்று கணக்குப் போட்டு, வெட்டுகிறவர் பின்னால் சுரங்கத்தை மூடும் செலவுக்காக எஸ்க்ரோ கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்றது. 2013இல் அதைத் திருத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மூடிய வேலைக்குச் செலவு காட்டினால் வட்டியோடு 80 சதவீதம் வரை திரும்பத் தரலாம் என்றீர்கள். என்னிடம் செலவுக் கணக்கு இருக்கிறது. கல், சிமெண்ட், லாரி வாடகை, லோடு இறக்கியவர்களுக்கு டீ.

சாம்பல் எங்கள் பொறுப்பல்ல, அது சுற்றுச்சூழல் அமைச்சகம் என்பீர்கள். உண்மைதான். 2021 டிசம்பர் 31இல் அவர்களும் அறிவிக்கை போட்டார்கள்: பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1000 ரூபாய் அபராதம், பழைய சாம்பலைத் தீர்க்க 10 ஆண்டு. கோடையில் குளம் காய்ந்து செப்பாக்கத்து வீடுகளுக்குள் காற்றடிக்கும்போது எந்த அமைச்சகத்தின் தூசி எது என்று அங்கே யாரும் பிரித்துக் கூட்டுவதில்லை.

அவசரமில்லை ஐயா. 2009 விதிக்கு முதல் முழு மூடல் சான்றிதழ்கள், மத்தியப் பிரதேசத்தின் பாதாகேடா, சத்புரா பகுதியில் மூன்று சுரங்கங்களுக்கு, 2025இல்தான் கிடைத்தன. நடுவில் 16 ஆண்டு. என் வீட்டு லோன் 20 ஆண்டு. காத்திருப்பேன்.

கள ஆய்வுக்கு வருகிறவர்கள் சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கலைப் பிடிக்கவும். எக்ஸ்பிரஸ் இங்கே நிற்காது. என் சுவரை அளந்ததும் மீஞ்சூர் பக்கம் போய் கொசஸ்தலையாற்றையும் பார்த்துவிடலாம். சாம்பல் குழாய் உடைந்து உடைந்து ஆற்றில் படிந்ததை மீனவர்களே காட்டுவார்கள். ஒரு சிக்கல்: உங்கள் படிவத்தில் குழிக்குத்தான் கட்டம் இருக்கிறது. இங்கே எல்லாம் மேடு. மேட்டை மூடத் தனிப் படிவம் இருந்தால் இரண்டு பிரதி அனுப்பவும், ஒன்று செப்பாக்கத்துக்கு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுரங்கம் மூடுவோர் (சில்லறை), வேப்பம்பட்டு.

இணைப்பு: கல் வாங்கிய பில் நகல், லாரி வாடகை ரசீது, நான் எங்கும் நிலக்கரி தோண்டவில்லை என்பதற்கு கிராம நிர்வாக அலுவலர் சான்று (விண்ணப்பித்திருக்கிறேன், நாளைக்கு வரச் சொன்னார்).