பிளாங்க் சிடி நிபுணர்

2005 வாக்கில் சென்னையில் தெருவுக்கு ஒரு பிளாங்க் சிடி நிபுணர் இருந்தார். வங்கியிலோ மின்வாரியத்திலோ பொறுப்பான உத்தியோகம். வீட்டில் அரிசி என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பது தெரியாது. ஆனால், "சார், கல்யாண வீடியோவை டிவிடியில போடணும், எதை வாங்கலாம்?" என்று யாராவது கேட்டுவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிளஸ்ஸா, மைனஸா?" என்பார். கேட்டவர் மிரண்டுபோய், "ஓ பாசிட்டிவ் சார்" என்பார்.

அதற்குப் பிறகு தப்பிக்க வழியில்லை. எழுதும் டிவிடியில் இரண்டு வகை, மைனஸ் ஆர் 1997-இல் பயனியர் கொண்டுவந்தது, பிளஸ் ஆர் 2002-இல் பிலிப்ஸ், சோனி கோஷ்டி போட்டிக்கு இறக்கியது, பழைய பிளேயர்கள் பெரும்பாலும் மைனஸைத்தான் மதிக்கும் என்று வாசலிலேயே பாடம் நடக்கும். டப்பாவில் 4.7 ஜிபி என்று அச்சடித்திருப்பதைக் கம்ப்யூட்டர் 4.38 என்றுதான் காட்டும், கடைக்காரனைத் திட்டக் கூடாது, ஆயிரத்தால் வகுப்பதா 1024-ஆல் வகுப்பதா என்ற தகராறு அது என்பதோடு பாடம் முடியும். வந்தவர் மனைவியிடம் போய், "ஆல்பம் மட்டும் போதும்" என்று சொல்லிவிடுவார்.

நிபுணரின் புண்ணியத்தலம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. சனிக்கிழமை மதியம் போவார். கடைப்பையன் ஐம்பது தட்டு அடுக்கிய டப்பாவை எடுத்து வைப்பான்.

"இது யார் செஞ்சது?"

"மேலேயே போட்டிருக்கு சார்."

"அது விக்கிறவன் பேரு தம்பி. செஞ்சவன் யாரு?"

அவர் கேட்பது நியாயம்தான். உறையில் இருக்கும் பெயர் வேறு, உள்ளே இருக்கும் தட்டைச் செய்த ஆலை வேறு. ஒரே பெயரில் இந்த மாதம் தைவான் சரக்கு வரும், அடுத்த மாதம் நொய்டாவில் மோசர் பேர் செய்த சரக்கு வரும். உண்மையான பூர்வீகம் தட்டுக்குள்ளேயே ஒரு குறியீடாகப் பதிந்திருக்கும். எம்சிசி என்றால் மிட்சுபிஷி, டிஒய்ஜி என்றால் டையோ யூடன். அதுதான் தட்டின் ஜாதகம். ஒரே சங்கடம், டப்பாவைப் பணம் கொடுத்து வாங்கி, சீலைப் பிரித்து, ரைட்டரில் போட்டால்தான் அந்த ஜாதகத்தைப் படிக்க முடியும். அதாவது தாலி கட்டிய பிறகுதான் பொருத்தம் பார்க்கலாம்.

இதற்கும் நிபுணர் ஓர் உபாயம் வைத்திருந்தார். லூஸில் ஒரே ஒரு தட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குறியீட்டைப் பார்ப்பார். திருப்தி என்றால் அடுத்த சனிக்கிழமை வந்து முழு டப்பா வாங்குவார். அதற்குள் கடையில் சரக்கு மாறியிருக்கும். அதே உறை, அதே விலை, வேறு ஜாதகம். "எல்லாம் ஒரே ஐட்டம்தான் சார்" என்பான் பையன். அந்த ஒரு வாக்கியத்துக்காக நிபுணர் வேறு கடைக்கு மாறிவிடுவார். அங்கேயும் அதையேதான் சொல்வார்கள்.

வீட்டில் எழுதும் நேரம் இன்னும் விசேஷம். தட்டில் 16 எக்ஸ் என்று போட்டிருந்தால் 8 எக்ஸில்தான் எழுதுவார். வேகமாக எழுதினால் ஓரத்துக்குப் போகப் போகப் பிழை கூடும் என்பது அவர் கட்சி. அந்நேரம் யாரும் கீபோர்டைத் தொடக் கூடாது. 2008-க்குப் பிறகு மின்வெட்டு வந்தபோது பாதி எழுதிய தட்டுகள் பல செத்தன. நிபுணர் மின்வாரியக்காரராக இருந்தால் சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் ரைட்டரைத் திறப்பார்.

எழுதி முடித்ததும் படத்தைப் போட்டுப் பார்ப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது. பிழை எண்ணும் மென்பொருளை ஓடவிட்டு, ஒரு கிராஃப் மெதுவாக ஊர்ந்து வருவதை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்ப்பார். அனுமதிக்கப்பட்ட எல்லை 280. இவருக்கு 20-ஐத் தாண்டினாலே அன்றிரவு தூக்கம் போச்சு. ஒரு நாள் கோடு தரையோடு தரையாகப் போனதும் மனைவியைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? எப்படி எழுதியிருக்கு!"

"படம் நல்லா இருக்கா?"

"படத்தை யார் பாத்தா?"

பிறர் வீட்டுக்குப் போனாலும் கண் தட்டு அடுக்கின் மேல்தான். பால்பாயிண்ட் பேனாவால் சிடியில் பெயர் எழுதியிருந்தால் காபியைக் கீழே வைத்துவிடுவார். "எல்லாரும் பளபளப்பு பக்கத்துக்குத்தான் பயப்படறீங்க. சிடியில உயிர் மேல்பக்கம் இருக்கு. பேர் எழுதற பக்கத்துக்கு அடியிலேயே, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே. டிவிடின்னா பரவாயில்ல, ரெண்டு தகட்டுக்கு நடுவுல பத்திரமா இருக்கும்." தேர்வில் தோற்ற தட்டுகளை அவர் எறிவதில்லை. அவர் ஸ்கூட்டரின் பின் மட்கார்டில் ரிஃப்ளெக்டராக மின்னுவது போன தீபாவளிக்குத் தேறாத ஒன்று.

இவ்வளவு தேடியவருக்கு ஒரு நாள் வரம் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான், என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஜப்பானில் செய்த டையோ யூடன் ஒரு டப்பா என்றார். உலகத்துக்கே முதல் சிடி-ஆர் செய்து கொடுத்த கம்பெனி ஆயிற்றே! டப்பா வந்தது. பட்டுப்புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில், வெளிச்சம் படாமல் பீரோவில் ஏறியது.

எதை எழுதுவது என்பதில்தான் சிக்கல். மகள் பள்ளி ஆண்டு விழா நடனமா? "இதுக்குப் போய் டையோ யூடனா?" அறுபதாம் கல்யாணமா? "கேமராக்காரன் சரியா எடுக்கல." மகள் கல்யாணமா? "எடிட்டிங் முடியட்டும்." பேரன் காதுகுத்து மாமன் மடியிலேயே நடந்து மாமன் போனிலேயே தங்கிவிட்டது. அந்தத் தட்டுக்குத் தகுதியான சம்பவம் எதுவும் அந்தக் குடும்பத்தில் நடக்கவேயில்லை.

2015-இல் டையோ யூடன் தட்டு செய்வதையே விட்டது. 2018-இல் மோசர் பேரைக் கலைக்கச் சொல்லி உத்தரவானது. புது லேப்டாப்களில் தட்டு போட வாயே இல்லை. சென்ற பொங்கலுக்கு வந்த தங்கை மகன் பீரோவில் டப்பாவைப் பார்த்துவிட்டான்.

"மாமா, எழுதாத தட்டுக்கும் வயசாகும், தெரியுமா? உள்ள இருக்கிற சாயம் கெட்டுப்போனா அப்புறம் ஒண்ணும் பதியாது."

நிபுணர் சற்றும் கலங்கவில்லை.

"தெரியும்டா. டெஸ்ட் பண்ணித்தான் பாக்கணும். அதுக்கு முதல்ல நல்ல ரைட்டர் ஒண்ணு வேணும். நீ சனிக்கிழமை ஃப்ரீயா? வெளியே ஒட்டியிருக்கிற பேரைப் பாத்து வாங்க முடியாது பாரு, உள்ள யார் செஞ்சதுன்னு விசாரிக்கணும்."