டீ, கள், புள்ளியியல்

புள்ளியியலை ஆளாக்கியவை இரண்டு பானங்கள். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட், நாலைந்து மாதிரிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு துணிச்சலாகப் பேசலாம் என்று யோசித்ததில் 1908-ல் டி-சோதனை பிறந்தது. ஆலையில் சொந்தப் பெயரில் எழுத விடவில்லை. ‘ஸ்டூடண்ட்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். சோதனை வடிவமைப்புக்குத் தகப்பனார் ஆர்.ஏ. பிஷர். அவருடைய 1935-ஆம் வருடத்துப் புத்தகத்தில் கொஞ்சம் பக்கம் புரட்டியதுமே ஒரு அம்மாள் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

கேரள எல்லைத் தமிழனுக்கு இதைவிட வாகான பாடம் அமையாது. இடுக்கி முனையில் தேயிலை விளையும் மூணாறு இருக்கிறது. பாலக்காட்டு முனையில் சித்தூர் இருக்கிறது; கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் பெருமளவு கள் லாரி ஏறுவது அங்கிருந்துதான். நான் பிறந்தது முதல் முனையில், பி.எஸ்சி. தாவரவியல் படித்தது இரண்டாவது முனையில். பாடம் தானாக உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

ஊறவில்லை. காரணம் மொழி என்று அப்போது சொல்லிக்கொண்டோம். பன்னிரண்டு வரை தமிழில் படித்தவர்கள் நாங்கள். கல்லூரியில் புத்தகம் ஆங்கிலம், வகுப்பு மலையாளம், ஹாஸ்டல் சண்டை தமிழ். ஸ்டாண்டர்டு டீவியேஷன் மூன்று மொழியிலும் ஒரே அளவுக்குத்தான் புரியாமல் இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் விலகல் பூஜ்ஜியம்.

‘வித்தியாசம் எதுவும் இல்லை’ என்று வைத்துக்கொண்டு தொடங்கும் இன்மைக் கருதுகோள் மட்டும் சட்டென்று பிடிபட்டது. தரவு கைகொடுக்காவிட்டால் ‘நிராகரிக்கப் போதிய ஆதாரமில்லை’ என்று எழுத வேண்டுமாம். ‘ஏற்கிறோம்’ என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. பஜ்ஜி சொஜ்ஜி தின்று, காபியும் குடித்துவிட்டு, “ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்” என்று எழுந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் இதை எந்த வகுப்பிலும் உட்காராமல் கற்றவர்கள்.

பிஷரின் டீக்கு வருகிறேன். ரோதம்ஸ்டெட் பண்ணை ஆய்வு நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர் மியூரியல் பிரிஸ்டல், பாசிகளை ஆராய்ந்தவர். பாலில் டீயை ஊற்றினார்களா, டீயில் பாலை ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போட்டிருப்பார்கள். பிஷர் கணக்குப் போட்டார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதல், நான்கில் டீ முதல், வரிசை குலுக்கல் முறையில். எட்டிலிருந்து நான்கைப் பிரிக்க 70 வழி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் எல்லாம் சரியாக வர 70-ல் ஒரு வாய்ப்பு உண்டு. அவ்வளவு அபூர்வமானது நடந்தால் அம்மாளை நம்பலாம். அவர் எட்டையும் சரியாகச் சொன்னார் என்பது பிற்காலத்துச் செவிவழிச் செய்தி. எப்படிச் செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிய பிஷர், என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லை. எங்கள் ரெக்கார்டு நோட்டில் இது நேர்தலைகீழ்.

விடுமுறையில் இதை எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், செய்து பார்க்கத் தோன்றியது. பெரியம்மாவைவிடத் தகுதியான ஆள் கிடையாது. முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவர். வீட்டில் ஒரே அச்சில் ஆறு டம்ளர்தான் இருந்தன. பக்கத்து வீட்டில் வாங்கினால் வேறு வடிவம். வடிவத்தைப் பார்த்து ஆள் கண்டுபிடித்துவிட்டால் சோதனை எதற்கு? ஆறை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழி. இருபதில் ஒன்று, அதாவது சரியாக ஐந்து சதவீதம். பரீட்சைக்குப் போதும்.

பெரியம்மாவுக்கு அடிப்படையிலேயே ஆட்சேபம். “ஏன்டா, பால முன்னாடி ஊத்துனா என்ன, பின்னாடி ஊத்துனா என்ன? ரெண்டும் சேந்து கொதிச்சாத்தான் டீ.” நம் வீடுகளில் போடும் டீக்கு பிஷரின் கேள்வியே எழாது என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இருந்தாலும் படிக்கிற பிள்ளை கேட்கிறதே என்று உட்கார்ந்தார். இரண்டாவது டம்ளரில் இருக்கும்போது எதிர் வரிசை மாமாவும் அத்தையும் வந்தார்கள். வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்பினால் லயத்தில் மரியாதையா? இரண்டு மாதிரிகள் விருந்தோம்பலில் போயின. மிச்சத்தை ஒவ்வொரு வாய் பார்த்துவிட்டுப் பெரியம்மா தீர்ப்புச் சொன்னார்: “எல்லாத்துலயும் சீனி கம்மி.” மாமாவும் ஆமோதித்தார். எல்லாக் கோப்பைக்கும் பொருந்திய ஒரே முடிவு அதுதான்.

குலுக்கல் என்பது மனித சுபாவத்துக்கு ஆகாத சங்கதி. கல்லூரி வராந்தாவில் பாசிப்பயறுத் தொட்டிகளை வைத்து உரச் சோதனை செய்தோம். சீட்டு எழுதிக் குலுக்கியதில் உரம் போட்ட தொட்டிகள் நான்கும் அடுத்தடுத்து வந்தன. “இது ரேண்டமா இல்லையே” என்று கவலைப்பட்ட வகுப்புத் தலைவர், பார்வைக்கு ரேண்டமாகத் தெரியும்வரை திரும்பத் திரும்பக் குலுக்கினார்.

சோதனை நிலத்தை பிளாக் பிளாக்காகப் பிரிப்பது எதற்கு என்று எனக்குப் புரிய வைத்தது பட்டாம்பி. 1927-லிருந்து நடக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் அது. அங்கே பிறந்த ரகங்கள் பி.டி.பி. என்ற எழுத்தோடு ஊர் ஊராகப் போயிருக்கின்றன. கயிறு கட்டிய பாத்திகளைக் காட்டி, ஏன் இந்தத் திசையில் பிரித்திருக்கிறார்கள் என்று ஆசிரியர் கேட்டார். சூத்திரம் சொல்லத் தயாராகத் தொண்டையைக் கனைத்தோம். வரப்பில் நின்ற தொழிலாளி முந்திக்கொண்டார்: தண்ணீர் அந்த மூலையில் வருகிறது, அங்கே வண்டல் அதிகம், இந்த மூலை சவலை, எல்லா ரகமும் இரண்டிலும் நின்று பார்க்க வேண்டாமா? நான் ஊருக்குப் போகும் பஸ்ஸும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கேரளத்தில் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி கேரளத்துக்குள் நுழைகிற பயணம். சின்னாறு மழை மறைவுப் பகுதி, முள்காடு. மறையூர் தாண்டி ஏறினால் மூணாறில் கொட்டும் மழை. ஒரு ரகத்தைச் சின்னாறிலும் இன்னொன்றை மூணாறிலும் நட்டு எது நல்ல ரகம் என்று கேட்டால், மேகம்தான் பதில் சொல்லும்.

கடைசி வருட புராஜெக்ட்தான் திருவிழா. நண்பர் ஒருவர் ஒரே செடியில் முப்பது இலை பறித்து அளந்து, மாதிரி எண்ணிக்கை முப்பது என்று எழுதினார். உண்மையில் அது ஒன்று. ஒரே ஆளிடம் முப்பது தடவை கருத்துக் கேட்ட இந்தப் போலி மறுசெய்கையை ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984-ல் வெளுத்து வாங்கியிருக்கிறார். தவறு செய்தவர்களில் பெயர் பெற்ற ஆய்வாளர்களும் இருந்ததால் நண்பருக்கு ஆறுதல். எல்லாம் அளந்து, அட்டவணை போட்டு, பைண்டிங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் புள்ளியியல் ஆசிரியரின் அறை வாசலில் கூட்டம் கூடும்: “சார், இதுக்கு என்ன டெஸ்ட் போடணும்?” 1938-ல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய பிஷர், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம் என்றார். எங்கள் சாரும் சொன்னார். கொஞ்சம் கடுமையான மலையாளத்தில்.

மூணாறை ஒட்டிய இரவிகுளத்து நீலக்குறிஞ்சி, மாதிரி எண்ணிக்கை விஷயத்தில் யாருக்கும் சலுகை தராது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். 2018-ல் மலை நிறையப் பூவை எண்ணியிருந்தாலும் வருஷம் என்ற கணக்கில் அது ஒன்றுதான். அதுவும் பெருவெள்ளம் வந்து பெரியவாரைப் பாலத்தை அடித்துப்போன வருஷம். பூவின் கணக்கு எது, மழையின் கணக்கு எது என்று பிரிக்க முடியாது. மூன்று பூப்பு வேண்டுமென்றால் முதலுக்கும் மூன்றுக்கும் இடையில் 24 வருஷம். கைடு ஓய்வு பெற்றிருப்பார், மாணவர் கைடு ஆகியிருப்பார்.

அடுத்த பூப்பு 2030-ல். குறிஞ்சியில் ஏதாவது அளக்க நினைக்கும் தம்பி தங்கைகள் கட்டங்களை இப்போதே பிரித்து, சீட்டை இப்போதே குலுக்கிவிடுங்கள். ஒரே தடவை குலுக்குங்கள்.