டைம் ஆபீஸ்காரர்

உசிலம்பட்டியிலிருந்து கப்பலூர் வரை எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் முதலில் இவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். சட்டைப் பையில் இரண்டு பேனா. வந்தவனுக்கு நீலம், வராதவனுக்குச் சிவப்பு. எங்கள் மில்லில் இருந்தவர் சிவப்பு ரீபிள்தான் மாற்றிக்கொண்டே இருப்பார்.

காலை ஷிப்ட் ஆறு மணி. 6.01க்குக் கேட் அடைபட்டுவிடும். அவருடைய சன்னல் திறக்கும்.

"பஸ் வரலண்ணே."

"பஸ்ஸுக்கா சம்பளம் போடுறோம்?"

சாவுக்கு லீவு உண்டு. ஆனால் யார் வீட்டில் யார் எப்போது செத்தது என்று தனி நோட்டே வைத்திருந்தார். "ஒங்க அப்பத்தா போன ஆடியிலயே போய்ச் சேந்துருச்சேப்பா? அம்மாச்சின்னு மாத்தி எழுதிக் குடு, பாப்போம்."

மாசி சிவராத்திரிதான் அவருக்குச் சோதனை. எங்கள் குலசாமி பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனுக்கு மாசிப்பெட்டி தூக்குகிற சமயம் பாதி மிஷினுக்கு ஆள் இருக்காது. அப்போது, அன்று அமலில் இருந்த 1936 ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தை ஒப்பிப்பார்: பத்துப் பேருக்குக் குறையாமல் சேர்ந்துகொண்டு, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் நின்றால் எட்டு நாள் கூலி வரை பிடிக்கலாம். வராத நேரத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அதே பிரிவு முதலில் சொன்னது மட்டும் அவருக்கு மனப்பாடம் ஆகவே இல்லை. நாங்களும் அசரமாட்டோம். குலசாமியைக் கும்பிடாவிட்டால் ஊருக்குப் பதில் சொல்லணும், கும்பிட்டால் மில்லுக்கு. மெமோ எவ்வளவோ தேவலை.

பிறகு கைரேகை மிஷின் வந்தது. நூலில் தேய்ந்த பெருவிரலை அது லேசில் நம்பாது. வேட்டியில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி வைப்போம். "நல்லா அமுக்கு, ரேகை விழுகல" என்பார் சன்னலுக்குள்ளிருந்து.

ரேகை என்றாலே எங்கள் பக்கம் வேறொரு ஞாபகம். வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சட்டப்படி ஆம்பிளைகள் ரேகை வைத்துவிட்டு ராத்திரி ஸ்டேசனில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு அட்டெண்டன்ஸ்தான். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டு 16 பேர் செத்தார்கள்.

வருசம் பூரா லீவே போடாத டைம் ஆபீஸ்காரர் ஏப்ரல் 3 மட்டும் வர மாட்டார். மாலை வாங்கிக்கொண்டு பெருங்காமநல்லூர் நினைவுத் தூணுக்குப் போய்விடுவார். முந்தின நாளே லெட்டர் எழுதி வைத்திருப்பார். காரணம்: சொந்த வேலை.