கடைசி வரிசைக்கு வந்த குரல்

நான் பென்னாகரம் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது கிருஷ்ணகிரியும் ஓசூரும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 2004-இல் பிரிந்து போயின. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து சாக்பீஸ், மணிச்சட்டம், எழுத்து அட்டைகள், எங்கள் தொண்டை, அவ்வளவுதான். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டு வரும் பிள்ளை, காது மந்தமான பிள்ளை, எழுத்துகளை மாற்றி மாற்றிப் போடும் பிள்ளை என்று எல்லோரும் ஆடி மாதத்துக்குள் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். யாரும் அவர்களை அங்கே அனுப்பியதில்லை. பாடம் முன்னே ஓட ஓட அவர்கள் பின்னே போனார்கள்.

ஊரில் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ‘மக்கு’தான். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே எண்ணியது. கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளைச் சொல்லும் சட்டம் 2016-இல் வந்தது. அதற்குள் என் முதல் மாணவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்துவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மாநிலத்திலேயே கடைசி. வீட்டில் பாடத்தை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆள் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அந்த எண்ணிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

2018-இல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது. போனைக் காட்டினால் தீக்ஷா என்ற கல்வித் தளத்திலிருந்து காணொலி ஓடும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்காது. முதல் நாள் இரவே பென்னாகரத்தில் இறக்கி வைத்துக்கொள்வேன். பிறகு பெரிய திரையும் வந்தது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஆனால் திரை பெரிதானதும் பாடம் மறுபடியும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியது. கடைசி வரிசை அப்படியே இருந்தது. காது கேளாத பையனுக்கு அந்தக் காணொலியில் வாயசைவுகூடத் தெரியவில்லை. அடியில் எழுத்தும் ஓடவில்லை.

மாற்றம் சின்னப் போனில்தான் நடந்தது. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போக, பாட்டியிடம் விடப்பட்ட ஒரு சிறுமி. அங்கே சில மாதம் கன்னட எழுத்து படித்திருந்தாள். இங்கே தமிழில் எழுத்துக்கூட்டவே திணறினாள். பாடத்தை மெதுவாகப் படித்து, என் குரலிலேயே போனில் பதிந்து கொடுத்தேன். வரியில் விரலை வைத்துக் கேட்டாள். நிறுத்தினாள். பின்னால் போய் மறுபடி கேட்டாள். வகுப்பில் “டீச்சர், இன்னொரு தடவை” என்று ஒருநாளும் கேட்டிராத பிள்ளை அவள். நாற்பது முகங்கள் திரும்பிப் பார்க்கும் என்ற பயம். போனில் எத்தனை தடவை கேட்டாலும் ஒரு முகமும் திரும்பவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது தானே படித்துப் பதிந்து, “சரியா பாருங்க டீச்சர்” என்று நீட்டினாள். நிறுத்தும் பொத்தானை விடப் பெரிய கல்விக் கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை.

எங்களிடம் படித்துப் போன பார்வையற்ற பெண் ஒருத்தி இப்போது மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கிய என்விடிஏ என்ற இலவச மென்பொருள் அவளுக்குத் தமிழை வாசித்துக் காட்டுகிறது. ஆனால் யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அமைந்த பிடிஎஃப் என்றால் அது பொருளில்லாமல் உளறும். புத்தகம் கணினிக்குள் இருந்தும் அவள் காதுக்கு வராது. அந்தப் பக்கங்களைத் தோழிகள் தட்டச்சு செய்து தருகிறார்கள். பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலையா இது?

2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே பாடம் தொடங்குகிறது. கூடவே போனில் மதிப்பீடும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கவனிப்பதற்காக வந்த ஏற்பாடு இது. மதிப்பீட்டைப் பதிவேற்றும் நேரத்திலோ நான் போனுக்குள் குனிந்திருக்கிறேன், பிள்ளை என் முன்னால் காத்து நிற்கிறது. பதிவு வேலை பாட நேரத்துக்குள் வரவே கூடாது என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்லி வருகிறேன்; இனியும் சொல்வேன்.

போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேட்டேன்: சில ஹெட்போன்கள், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வாரத்தில் இன்னும் ஒரு நாள். ஊர்க்காரர்கள் காசு போட்டு ஹெட்போன்களை வாங்கித் தந்துவிட்டார்கள். பல பள்ளிகளுக்கு ஒருவராகச் சுற்றிவரும் சிறப்பாசிரியருக்கு அந்த இன்னொரு நாள் இன்னும் கிடைக்கவில்லை.